கல் ஒன்றுகூட இல்லாத கோட்டை: தெட்ஃபோர்டு மேட்டில் எதைப் பார்ப்பது?

நடைப்பயணி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை எட்டு வயது மகளை அழைத்துக்கொண்டு நார்ஃபோக்கிலுள்ள தெட்ஃபோர்டுக்குப் போயிருந்தேன். நார்மன் காலத்துக் கோட்டை என்று வழிகாட்டிப் பலகையில் போட்டிருந்ததால், குறைந்தது பாதி இடிந்த மதிலாவது இருக்கும் என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தேன். போய்ப் பார்த்தால், ஒரு பூங்காவின் நடுவே புல் மூடிய பெரிய மண்மேடு ஒன்று நிற்கிறது, அதன்மேல் ஏறுவதற்கு மரப்படிகள் இருக்கின்றன, அவ்வளவுதான். மூச்சு வாங்க ஏறி உச்சியை அடைந்தால், அங்கே கிண்ணம் போல நடுவில் குழிந்த ஒரு சிறிய இடமும் சில மரங்களும் இருக்கின்றன. "அப்பா, கோட்டை எங்கே?" என்று அவள் கேட்டாள். "இதுதான்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என் கேள்வி இதுதான். இங்கே ஒரு காலத்தில் கற்கோட்டை இருந்து, பிற்காலத்தில் ஊரார் கல்லை எடுத்துக்கொண்டு போய்விட்டார்களா? அல்லது தொடங்கிய வேலை பாதியில் நின்றுவிட்டதா? இரண்டும் இல்லையென்றால், இப்படிப்பட்ட இடத்தில் எதைத்தான் பார்க்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொன்னால் மகளுக்கும் எடுத்துச் சொல்வேன்.

கிழக்குக்கரை எழுதியது:

வணக்கம். நான் அந்த ஊரிலிருந்து அரை மணி நேரப் பயணத் தொலைவில் வசிக்கிறேன். அந்த மேட்டில் எத்தனை முறை ஏறியிருப்பேன் என்று கணக்கு வைக்கவில்லை. உங்கள் இரண்டு ஊகங்களும் சரியல்ல. அங்கே கற்கட்டடம் இருந்ததற்கான தடயம் எதுவும் இல்லை. வேலையும் அரைகுறையாக நிற்கவில்லை. நீங்கள் ஏறிய மேடு 60 அடிக்குக் குறையாத உயரமுடையது. 1066இல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்து இங்கிலாந்தைக் கைப்பற்றிய நார்மன்கள் அங்கே எழுப்பிய மண்மேடுகளில் மிக உயரமானவற்றில் ஒன்று. சுற்றியுள்ள அகழியிலிருந்து வெட்டி எடுத்த சுண்ணாம்புக் கல்மண்ணை அப்படியே உள்பக்கம் குவித்து எழுப்பியிருக்கிறார்கள். உச்சியில் மரக்கோபுரமும் அடிவாரத்தில் மரவேலி சூழ்ந்த முற்றமும் இருந்திருக்கும். மரம் மட்கிப் போயிற்று, மண் நிற்கிறது.

இன்னொன்றையும் நீங்கள் கவனித்திருக்கலாம், அல்லது எல்லாரையும் போலத் தவறவிட்டிருக்கலாம். மேட்டின் வடக்குப் புறத்தில் இரண்டு வரிசையாக மண்கரைகளும் அவற்றுக்கிடையே அகழியும் இருக்கின்றன. அவை நார்மன்கள் போட்டவை அல்ல. அவர்களுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, இரும்புக் காலத்தில், ஆற்றைக் கடக்கும் துறையைக் காவல் காக்க எழுப்பிய பழைய அரண். வந்த நார்மன்கள் அந்தப் பழைய கரைகளுக்குள்ளேயே தங்கள் மேட்டைக் குவித்துக்கொண்டார்கள். பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருந்த இடம் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்?

அந்த ஊர் இன்று சின்னதாகத் தெரிகிறது. 11ஆம் நூற்றாண்டிலோ அது இங்கிலாந்தின் பெரிய நகரங்களில் ஒன்று. ஆயரின் தலைமையிடம் நோரிச்சுக்கு மாறுவதற்கு முன்பு சுமார் இருபது ஆண்டுகள் அங்கேதான் இருந்தது. இவ்வளவு பெரிய மேடு அங்கே ஏன் தேவைப்பட்டது என்பதற்கு அதுவே விடை. 1173இல் இரண்டாம் ஹென்றிக்கு எதிரான கலகத்தை ஒட்டிக் கோட்டை அழிக்கப்பட்டது. பிறகு யாரும் அதை மீண்டும் எழுப்பவில்லை. உங்கள் மகளுக்குச் சொல்ல ஒரு கதையும் இருக்கிறது: பிசாசு தன் காலணியில் ஒட்டிய மண்ணைச் சுரண்டிப் போட்டதால் உண்டானதே இந்த மேடு என்று உள்ளூரார் சொல்வார்கள்.

பழஞ்சுவடி எழுதியது:

கிழக்குக்கரை அவர்கள் சொன்னதில் ஒரு வாக்கியத்தை மட்டும் பிடித்துக்கொண்டு மேலே போகிறேன்: "மரம் மட்கிப் போயிற்று, மண் நிற்கிறது." நாம் கோட்டை என்றதும் கல்லைத் தேடுகிறோம். ஆனால் அந்தக் காலத்தவர் கோட்டையை எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு அவர்களே விட்டுச் சென்ற சான்று ஒன்று இருக்கிறது. அந்தப் படையெடுப்பின் கதையைத் துணியில் படங்களாகத் தைத்து வைத்த பேயூ திரைச்சீலையில், 1066இல் நார்மன் படை கரையிறங்கிய பின் ஹேஸ்டிங்சில் கோட்டை அமைக்கும் காட்சி பூத்தையலாக வரையப்பட்டிருக்கிறது. அதன் மேலுள்ள இலத்தீன் வரியில், கோட்டையைக் "கட்ட" ஆணையிட்டார் என்று இல்லை. "தோண்ட" ஆணையிட்டார் என்றே இருக்கிறது. அந்தச் சொல்லைப் படித்த நாளிலிருந்து எனக்கு இந்த மேடுகள் வேறு மாதிரியாகத் தெரிகின்றன. அவர்களுக்குக் கோட்டை என்பது முதலில் ஒரு மண்வேலை. அகழியில் தோண்டிய மண் மேடாகிறது; மேட்டுக்கு வேண்டிய மண்ணை எடுத்த குழி அகழியாகிறது. ஒரே மண்வெட்டி வீச்சில் இரண்டு அரண்கள் உண்டாகின்றன.

அதே காட்சியை இன்னும் நெருங்கிப் பாருங்கள். வேலையாட்கள் இரும்பு விளிம்பு கட்டிய மரத் தட்டுமண்வெட்டிகளால் மண்ணை வாரி எறிகிறார்கள். மேடு ஒரே நிறத்தில் இல்லை. கிடைமட்டமான வண்ணப் பட்டைகளாகத் தைக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தில் இரண்டு ஆட்கள் வேலையை விட்டுவிட்டு மண்வெட்டியாலேயே ஒருவர் தலையில் ஒருவர் அடித்துக்கொள்கிறார்கள். தைத்தவர்களுக்கு வேலைத்தளம் எப்படி இருக்கும் என்பது நன்றாகத் தெரிந்திருக்கிறது.

பெயர்களையும் தெளிவுபடுத்திக்கொள்வோம், பிறகு குழப்பம் வராது. மேட்டை மோட் என்றும், அதன் அடியில் கரையும் அகழியும் சூழ்ந்த முற்றத்தைப் பெய்லி என்றும் சொல்வார்கள். மோட் என்பது பழைய பிரெஞ்சில் மண்கட்டியை, மேட்டைக் குறித்த சொல். வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலத்தில் அகழியைக் குறிக்கும் சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததுதான். மேட்டின் பெயர் நாளடைவில் பள்ளத்துக்குப் போய்விட்டது. தமிழில் மோட்டுக்குப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. மனிதர் செய்து வைத்த குன்றுக்குச் "செய்குன்று" என்ற அழகிய பழஞ்சொல் நம்மிடம் இருக்கிறது. நான் அதையே பயன்படுத்தப் போகிறேன்.

சந்தேகி எழுதியது:

சொல் அழகாகத்தான் இருக்கிறது, ஐயா. ஆனால் அழகிய சொல்லை வைத்து ஓர் அவசர வேலையைப் பெருமைப்படுத்திவிடக் கூடாது. வெளிநாட்டிலிருந்து வந்த சில ஆயிரம் பேர், தங்களை வெறுக்கும் மக்கள் நடுவில் இரவு நிம்மதியாகத் தூங்குவதற்காக அள்ளிப் போட்ட மண்தான் இது. 1069இல் யார்க்கில் கலகம் நடந்தபோது, நார்மன் அரசர் வில்லியம் எட்டே நாட்கள் அங்கே தங்கி, அந்த நகரத்தின் இரண்டாவது கோட்டையை எழுப்பிவிட்டுப் போனார் என்று இடைக்காலத் துறவியும் வரலாற்றாசிரியருமான ஆர்டெரிக் விட்டாலிஸ் எழுதுகிறார். எட்டு நாளில் எழுவது கோட்டையா, கூடாரமா? அதே ஆண்டு செப்டம்பரில் டேனியரும் உள்ளூர்க்காரரும் சேர்ந்து வந்து இரண்டு கோட்டைகளையும் கைப்பற்றி அழித்தார்கள். பேயூ திரைச்சீலையிலேயே தினான் நகரத்துக் காட்சியில் வீரர்கள் தீப்பந்தத்தை நீட்டி மரவேலிக்குத் தீ வைக்கிறார்கள். உள்ளே இருந்த பிரிட்டனி பிரபு கோனன் ஈட்டி முனையில் சாவியைக் கோத்து நீட்டிச் சரணடைகிறார். மரமும் மண்ணும் இடைக்கால ஏற்பாடு, வசதி வந்ததும் கல்லுக்கு மாறினார்கள் என்பதுதான் என் புரிதல். தெட்ஃபோர்டில் அந்த வசதி வரவில்லை, அவ்வளவே.

களிமண் கணக்கர் எழுதியது:

நான் வரலாற்று மாணவன் அல்ல, மண்ணியல் பொறியாளன். ரயில்பாதைக் கரைகள் சரியாமல் நிற்கின்றனவா என்று பார்ப்பது என் பிழைப்பு. ஆகவே எட்டு நாள் கணக்கை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

நடுத்தர அளவில் ஒரு செய்குன்றை வைத்துக்கொள்வோம். அடிவிட்டம் 40 மீட்டர், உச்சி விட்டம் 8 மீட்டர், உயரம் 8 மீட்டர். தலை வெட்டிய கூம்பாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 4,150 கன மீட்டர் மண் வருகிறது. இறுகிய நிலத்தை வெட்டி, கூடையில் அள்ளி, ஏற ஏற உயரும் சரிவில் சுமந்து, கொட்டி, மிதித்து இறுக்குவதற்கு ஓர் ஆளுக்கு ஒரு நாளில் ஒரு கன மீட்டர் என்று நான் அனுமானிக்கிறேன். இதில் யாரும் என்னோடு தகராறு செய்யலாம். அந்தக் கணக்குப்படி நூறு பேர் இருந்தால் 42 நாட்கள் ஆகும். எட்டு நாளில் முடிக்க வேண்டுமென்றால் 500 பேருக்கு மேல் வேண்டும். அவ்வளவு பேரும் ஒருவர் மேல் ஒருவர் மோதாமல் வேலை செய்ய இடமும் வேண்டும். ஆகையால் யார்க்கில் எட்டு நாளில் நடந்தது, அகழியும் கரையும் வேலியும் போட்டு ஒரு காவற்படை தங்கும்படி செய்தது மட்டுமே என்று எனக்குத் தோன்றுகிறது. மேடு அதன்பின் நிதானமாக வளர்ந்திருக்கலாம். தெட்ஃபோர்டு மேட்டுக்கு இந்தக் கணக்கைப் போட்டால் உயரம் இரு மடங்குக்கு மேல் இருப்பதால் தலை சுற்றும்.

"அள்ளிப் போட்ட மண்" என்பதையும் நான் ஏற்க மாட்டேன். வெறுமனே அள்ளிப் போட்ட மண் ஒன்பது நூற்றாண்டுகள் செங்குத்தாக நிற்காது. திரைச்சீலையில் தெரியும் பட்டைகளைப் பழஞ்சுவடி ஐயா சொன்னாரல்லவா? அது வெறும் அலங்காரமாகவும் இருக்கலாம். ஆனால் அகழ்ந்து பார்த்த செய்குன்றுகள் பலவற்றில் உண்மையாகவே அடுக்குகள் இருக்கின்றன. களிமண் அடுக்கு மட்டும் இருந்தால் நீர் உள்ளே தேங்கி மேடு வழுக்கிச் சரியும்; சரளை மட்டும் இருந்தால் உதிரும். மாற்றி மாற்றிப் போட்டு மிதித்தால் இரண்டு குறையும் ஒன்றையொன்று ஈடு செய்கின்றன. இன்று நாங்கள் உருளை இயந்திரம் வைத்துச் செய்வதை அவர்கள் காலால் செய்திருக்கிறார்கள்.

கல்லுக்கு ஏன் உடனே போகவில்லை என்பதற்கும் பணம் மட்டுமே காரணம் அல்ல. புதிதாக நிரப்பிய மண் பல ஆண்டுகள் அமிழ்ந்துகொண்டே இருக்கும். அதன்மேல் கற்கோபுரத்தை வைத்தால் கோபுரம் பிளக்கும். சான்று வேண்டுமானால் யார்க்கிலேயே இருக்கிறது. அங்குள்ள கிளிஃபர்ட் கோபுரம் 13ஆம் நூற்றாண்டில் மூன்றாம் ஹென்றி காலத்தில் பழைய செய்குன்றின்மேல் கல்லால் எழுப்பப்பட்டது. மேட்டுக்கு அப்போதே ஏறத்தாழ இருநூறு வயது. அப்படியும் அடுத்த நூற்றாண்டில், 1360 வாக்கில், கோபுரம் மேலிருந்து கீழ்வரை வெடித்துவிட்டது. மரச்சட்டம் அப்படியில்லை; மண் இரண்டு விரற்கடை இறங்கினால் அதுவும் கூடவே வளைந்து கொடுக்கும். மரத்தைத் தேர்ந்தவன் ஏழையாக இருந்திருக்கலாம், முட்டாளாக இருந்திருக்க மாட்டான்.

பழஞ்சுவடி எழுதியது:

நன்றி, பொறியாளரே. கோபுரத்தின் கால்களைப் பற்றி இரண்டு சான்றுகளைச் சேர்த்துவிட்டு முக்கியமான இடத்துக்குப் போகிறேன். சரே வட்டாரத்து ஆபிங்கரில் 1949இல் பிரையன் ஹோப்-டெய்லர் ஒரு சிறிய செய்குன்றின் உச்சியை முழுவதும் திறந்து பார்த்தார். நடுவில் ஏறத்தாழ 12 அடிச் சதுரமான ஒரு மரக்கோபுரத்தின் தூண்குழிகளும், விளிம்பைச் சுற்றி வேலிக்கம்பங்களின் குழிகளும் வெளிப்பட்டன. ஹார்ட்ஃபோர்ட்ஷயரின் சவுத் மிம்ஸிலோ முறை தலைகீழ்: முதலில் தரையிலேயே கோபுரத்தை நிறுத்திவிட்டு, அதைச் சுற்றி மண்ணைக் குவித்திருக்கிறார்கள். அமிழும் மண்ணின்மேல் எதையும் வைக்க வேண்டாம் என்று அங்கே ஒருவர் முன்பே யோசித்திருக்கிறார்.

இப்போது சந்தேகியின் "இடைக்கால ஏற்பாடு" என்ற சொல்லுக்கு வருகிறேன். வேல்ஸ் எல்லையில் மாண்ட்கோமரி ஊருக்கு வெளியே ஹென் டோமென் என்றோர் இடம் இருக்கிறது. வெல்ஷ் மொழியில் "பழைய மேடு" என்று பொருள். செவர்ன் ஆற்றின் ஒரு துறையைக் காவல் காப்பதற்காக ஷ்ரூஸ்பரி பிரபுவான ரோஜர் டி மாண்ட்கோமரி 1070களின் தொடக்கத்தில் அதை எழுப்பினார். 1086இன் டூம்ஸ்டே ஏடு என்ற நாடு தழுவிய நிலக்கணக்கில் அது குறிக்கப்பட்டிருக்கிறது. 1095இல் வெல்ஷ் படையினர் அதைக் கைப்பற்றினார்கள். மீண்டும் எழுந்தது. ரோஜரின் மகன் 1102இல் கலகம் செய்து தோற்றபின் பால்ட்வின் டி பூலர்ஸ் என்பவரின் குடும்பத்துக்குப் போயிற்று. மாண்ட்கோமரியின் வெல்ஷ் பெயரான ட்ரெவால்ட்வின் அந்தப் பால்ட்வினின் பெயரால் வந்ததுதான். 1223இல் மூன்றாம் ஹென்றி ஒரு மைல் தள்ளிப் பாறைமேல் புதிய கற்கோட்டையைத் தொடங்கினார். அதற்குப் பிறகும் பழைய மண்கோட்டையைக் கைவிடவில்லை. 13ஆம் நூற்றாண்டின் இறுதிவரை புறக்காவல் நிலையமாக வைத்திருந்தார்கள். கூட்டிப் பாருங்கள்: இருநூறு ஆண்டுகளுக்கும் மேல், முழுவதும் மரமும் மண்ணுமாகவே.

இது நமக்கு எப்படித் தெரியும் என்பதுதான் இன்னும் சுவையானது. 1960இல் பிலிப் பார்க்கர் அங்கே அகழாய்வைத் தொடங்கினார். பின்னர் ராபர்ட் ஹைம் சேர்ந்துகொண்டார். கோடைதோறும் ஆட்கள் வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் தோண்டினார்கள். அத்தனை காலத்தில் முடிந்தது பெய்லியின் வடபாதி மட்டுமே. பார்க்கர் குறுகலான பள்ளம் வெட்டிப் பார்க்கும் வழக்கத்தை விட்டுவிட்டு, பரந்த பரப்பை ஒரே நேரத்தில் திறந்து, கரண்டியால் சுரண்டி, கூழாங்கல் ஒவ்வொன்றையும் வரைபடத்தில் பதித்தார். காரணம் இருக்கிறது. மரவீடுகள் எல்லாமே ஆழமாகத் தூண் நட்டு நிற்பதில்லை. சில, தரைமேல் கிடத்திய உத்தரத்தின்மேல் எழுந்தவை. அப்படிப்பட்ட வீடு மட்கிப் போனபின் மிஞ்சுவது, சரளைத் தரையில் நேர்கோடாக ஓடும் ஒரு சிறு வேறுபாடு மட்டுமே. ஒரு முழ அகலப் பள்ளத்தில் அதை யாராலும் காண முடியாது.

அப்படிப் பார்த்தபோது, இன்று ஆடு மேயும் வெற்றிடமாகத் தெரியும் அந்த முற்றம் நெருக்கமாக வீடுகள் நின்ற இடமாக இருந்தது என்று தெரிய வந்தது. மேட்டின் அடியில் ஒரு பெரிய கூடம், மேட்டுக்கு ஏறும் மரப்பாலம், கிடங்குகள், ஒரு சிற்றாலயம் என எல்லாம் இருந்தன. ஒன்று பழுதானால் அதே இடத்தில் அடுத்தது. கரைக்கு அடியிலும் ஒன்று கிடைத்தது: கோட்டை எழுவதற்கு முன்பு அங்கே உழுத வயலின் மேட்டுச்சாலும் பள்ளச்சாலும் அப்படியே அமுங்கிக் கிடந்தன. இங்கிலாந்து-வேல்ஸ் எல்லையில் நார்மன்களுக்கு முன்பிருந்த ஒரு சாக்சன் உழவன் ஓட்டிய ஏரின் தடத்தை, அவன் நிலத்தைப் பறித்தவனின் மண்கரைதான் நமக்காகக் காத்து வைத்திருக்கிறது.

சந்தேகி எழுதியது:

இருநூறு ஆண்டு என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. "இடைக்கால" என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். அவ்வளவு காலம் பிரபுக்கள் வாழ்ந்த இடம் என்றால் வெள்ளிப் பாத்திரமும் அணிகலன்களும் நிறையக் கிடைத்திருக்க வேண்டுமே?

பழஞ்சுவடி எழுதியது:

கிடைக்கவில்லை, அதுதான் வியப்பு. முப்பது கோடைகாலத் தோண்டலுக்குப் பின்னும் கிடைத்த பொருள்கள் மிகச் சொற்பம். பெரும்பாலும் உடைந்த பானையோடுகள், ஒரு மரவாளி போன்றவை. ஆவணங்கள் இல்லாமல் பொருள்களை மட்டும் வைத்து முடிவு செய்திருந்தால், அங்கே பிரபுக்கள் வாழ்ந்தார்கள் என்று யாருமே சொல்லியிருக்க மாட்டார்கள். எல்லைப்புற வாழ்க்கை அவ்வளவு வறட்சியாக இருந்திருக்கிறது. நல்ல பொருள்களைக் கிளம்பும்போது கையோடு எடுத்துச் சென்றிருப்பார்கள் என்பதும் உண்மைதான். ஆனாலும் குப்பைகூடச் செல்வர் வீட்டுக் குப்பையாக இல்லை.

கிழக்குக்கரை எழுதியது:

மண்ணின் நுட்பத்தைப் பேசிக்கொண்டே போகும்போது, அதைச் சுமந்தவர்களை மறந்துவிடுகிறோமோ என்று எனக்கு உறுத்துகிறது. களிமண் கணக்கரின் 500 பேர் யார்? நார்மன் குதிரைவீரன் கூடை சுமந்திருக்க மாட்டான். வில்லியம் நார்மண்டிக்குத் திரும்பிப் போயிருந்த காலத்தில் அவருடைய தாய்வழித் தம்பி ஓடோவும் மற்றொரு வில்லியமும் நாடெங்கும் கோட்டைகளை எழுப்பி ஏழை மக்களை வதைத்தார்கள் என்று ஆங்கிலோ-சாக்சன் குறிப்பேடு அந்தக் காலத்திலேயே எழுதி வைத்திருக்கிறது.

நகரங்களில் நிலைமை இன்னும் மோசம். கோட்டைக்கு இடம் வேண்டும், அந்த இடத்தில் வீடுகள் இருந்தன, வீடுகள் போயின. டூம்ஸ்டே ஏடு வரி வசூலுக்காக எழுதப்பட்டது என்பதால் இதைத் துக்கமாகச் சொல்லவில்லை, வரவுக் குறைவாகச் சொல்கிறது. கோட்டையின் பொருட்டு லிங்கனில் 166 மனைகளும், நோரிச்சில் 98 மனைகளும், கேம்பிரிட்ஜில் 27 வீடுகளும் இல்லாமற்போயின. கேம்பிரிட்ஜில் 1068இல் எழுந்த அந்தச் செய்குன்று இன்றும் நிற்கிறது. யார் வேண்டுமானாலும் கட்டணமின்றி ஏறி நகரத்தைப் பார்க்கலாம். அங்கே மாலை வெயிலில் மாணவர்கள் சிற்றுண்டி தின்றுகொண்டிருப்பதைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்த 27 என்ற எண் நினைவுக்கு வரும். தெட்ஃபோர்டிலும், நகரின் மேற்கே சிவப்புக் கோட்டை என்று ஒரு சிறிய வட்ட மண்ணரண் இருக்கிறது; அதை ஒரு பழைய சாக்சன் தேவாலயத்தின்மேலும் அதன் கல்லறைகளின்மேலும் போட்டிருக்கிறார்கள். ஊரார் ஒவ்வொரு நாளும் நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்பதற்காகவே மேடு அவ்வளவு உயரமாக எழுந்தது என்பது என் துணிபு. போர்த் தேவைக்கு அதில் பாதி உயரமே போதும்.

களிமண் கணக்கர் எழுதியது:

கடைசி வாக்கியத்தை நான் முழுமனதோடு ஏற்கிறேன். பாதுகாப்புக்கு மட்டும் என்றால் யாரும் 60 அடி தூக்க மாட்டார்கள். 30 அடிக்கு மேல் ஒவ்வோர் அடிக்கும் அடிப்பரப்பு அகன்றுகொண்டே போகும், வேலை பல மடங்காகும்.

புதுவரவு எழுதியது:

நான் இந்தக் களத்துக்குப் புதியவன். ஒரு சிறு கேள்வி. இத்தகைய மேடுகளில் உலோகம் காட்டும் கருவியை எடுத்துச் சென்று தேடிப் பார்க்கலாமா? தெட்ஃபோர்டு மேட்டுக்கு அடியில் வெள்ளி மணிகள் புதைந்திருப்பதாக எங்கோ படித்தேன்.

மட்டுறுத்துநர் எழுதியது:

கூடாது, தம்பி. தெட்ஃபோர்டு உள்ளிட்ட இவ்விடங்களில் பெரும்பாலானவை பட்டியலிடப்பட்ட நினைவுச்சின்னங்கள். இங்கிலாந்தில் 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் அவற்றில் அந்தக் கருவியைப் பயன்படுத்துவதே குற்றம்; தோண்ட வேண்டும் என்றுகூட இல்லை. வெள்ளி மணிக் கதை எல்லா மேட்டுக்கும் உண்டு. ஹென் டோமென் பற்றி மேலே எழுதியிருப்பதை ஒருமுறை படியுங்கள்: அங்கே செல்வம் என்பது சரளையின் நிறவேறுபாடுதான். ஒரு சாண் குழி வெட்டினால் அது போய்விடும். இழை தலைப்பை விட்டு விலகாமல் தொடரட்டும்.

கிழக்குக்கரை எழுதியது:

மட்டுறுத்துநர் சொன்னதோடு இன்னொன்று. தோண்டாமலேயே செய்குன்றைப் பார்த்து "இது நார்மன்" என்று சொல்லிவிட முடியும் என்ற நம்பிக்கையும் அண்மைக் காலத்தில் ஆட்டம் கண்டிருக்கிறது. வில்ட்ஷயரின் மார்ல்பரோவில் ஒரு பள்ளி வளாகத்துக்குள் 19 மீட்டர் உயர மேடு ஒன்று இருக்கிறது. நார்மன் அரசர்கள் அதன்மேல் கோட்டை வைத்திருந்தார்கள். ஆகவே அவர்கள் எழுப்பியது என்றே பலர் எண்ணினார்கள். மேட்டுக்குள் குழாய் இறக்கி எடுத்த மண்ணிலிருந்த கரித்துண்டுகளை 2011இல் ஆராய்ந்தபோது, மேடு கி.மு. 2400ஐ ஒட்டியது என்று வந்தது. அதே முறையில், ரெடிங் பல்கலைக்கழகத்தின் ஜிம் லியரி குழுவினர் யார்க்ஷயரின் ஸ்கிப்சி மேட்டையும் சோதித்தார்கள். 1086 வாக்கில் ட்ரோகோ என்ற நார்மன் பிரபு எழுப்பியதாகக் கருதப்பட்டு வந்த அந்த 13 மீட்டர் மேடு இரும்புக் காலத்தது, ஏறத்தாழ 2,500 ஆண்டுப் பழமையுடையது என்று 2016இல் தெரிந்தது. ட்ரோகோ செய்தது, நின்றிருந்த மேட்டின்மேல் வேலி போட்டதுதான்.

சந்தேகி எழுதியது:

அப்படியானால் என் பெயருக்கு ஏற்ற வேலை இன்னும் மிச்சம் இருக்கிறது. நடைப்பயணி கேட்ட கேள்விக்கு மட்டும் யாரும் நேரடியாகப் பதில் சொல்லவில்லை: போனால் எதைப் பார்ப்பது?

பழஞ்சுவடி எழுதியது:

சரியான கேள்வி. மேட்டின் உச்சிக்கு நேரே ஓடாதீர்கள். அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அகழியின் அடித்தளத்தில் இறங்கி நின்று மேலே பாருங்கள். மேட்டின் உயரம் அங்கிருந்துதான் தெரியும், ஏனென்றால் தாக்க வந்தவன் நின்ற இடம் அது. பிறகு கரையின்மேல் நடந்து, அது எங்கே தாழ்கிறது, எங்கே விட்டுப்போகிறது என்று பாருங்கள். விட்ட இடம் பழைய வாயிலாக இருக்கலாம், அல்லது பிற்காலத்தில் யாரோ வண்டிக்காக வெட்டியதாகவும் இருக்கலாம். அகழியும் அதே இடத்தில் நின்றிருந்தால் வாயில் என்று கொள்ளச் சற்றே துணியலாம். கோடைக்காலத்தில் போகாதீர்கள். பனிக்காலக் காலையிலோ மாலையிலோ, வெயில் தாழ்ந்து விழும்போது, ஒரு சாண் உயர மேடுகூட நிழல் கொடுக்கும். வீட்டிலிருந்தே பார்க்க வேண்டுமென்றால், விமானத்திலிருந்து லேசர் கொண்டு எடுத்த நிலவடிவப் படங்கள் இங்கிலாந்தின் பெரும்பகுதிக்கு இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. மரங்களை நீக்கிவிட்டு மண்ணை மட்டும் காட்டும்.

நடைப்பயணி எழுதியது:

நேரம் கழித்துப் பதில் எழுதுவதற்கு மன்னிக்கவும். சனவரியில் ஒரு மாலை, மூன்று மணிக்கு மகளோடு மீண்டும் தெட்ஃபோர்டு போனேன். பழஞ்சுவடி ஐயா சொன்னபடி படிகளைத் தொடாமல், முதலில் அகழிக்குள் இறங்கினோம். புல்லில் உறைபனி இருந்தது. சரிவில் நிழல் விழுந்த பக்கம் வெள்ளையாகவும் வெயில் பட்ட பக்கம் ஈரப் பச்சையாகவும் இருந்தன. இரும்புக் காலக் கரைகள் இரண்டும், போன முறை வெறும் மேடுபள்ளமாகத் தெரிந்தவை, கோடு போட்டதுபோல வளைந்து ஓடின. சரிவில் ஒரு மரத்தின் வேருக்குக் கீழே முயல் தோண்டிய வளை ஒன்று இருந்தது. வாயிலில் தள்ளிக் கிடந்த மண், மண்ணாகவே இல்லை. கட்டைவிரல் அளவுச் சுண்ணாம்புத் துண்டுகள், நசுக்கினால் மாவாகும் வெள்ளை. மகள் அதைத் தொட்டுவிட்டுக் கையில் ஒட்டியதைப் பார்த்தாள். அகழியில் இருந்ததுதான் இங்கே வந்திருக்கிறது என்று சொன்னேன். அவள் குனிந்து அகழியையும் நிமிர்ந்து உச்சியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எத்தனை கூடை?" என்று கேட்டாள். களிமண் கணக்கர் ஐயா, ஒரு கூடை எத்தனை லிட்டர் என்று வைத்துக்கொள்வது?

களிமண் கணக்கர் எழுதியது:

இருபது லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் என்றால் சரிவில் ஏற முடியாது. ஒரு கன மீட்டருக்கு 50 கூடை. நான் மேலே சொன்ன நடுத்தர மேட்டுக்கே இரண்டு இலட்சத்து ஏழாயிரத்து ஐந்நூறு கூடை வருகிறது. தெட்ஃபோர்டு மேட்டுக்கு அகழி அடியிலிருந்து உச்சிவரை அளவெடுத்து வாருங்கள், அடிச்சுற்றை உங்கள் மகள் காலடியால் அளக்கட்டும். சேர்ந்து கணக்குப் போடுவோம்.